மூக்கடைப்புக்கும் கணக்கு எழுதி வைக்க வேண்டும்

நாங்கள் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து சான் அன்டோனியோவுக்குக் குடிவந்து ஒன்பது வருடமாகிறது. இது பட்டாள ஊர். எங்கள் தெருவிலேயே நாலைந்து வீடுகளில் ராணுவத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அதில் பக்கத்து வீட்டுக்காரர் 2006-07ல் இராக்கின் பலத் விமானத் தளத்தில் இருந்தவர். அங்கே ஒரு எரிகுழி இருந்தது, சுமார் 10 ஏக்கர், நாளொன்றுக்கு 100 முதல் 200 டன் வரை பிளாஸ்டிக், பெயின்ட் டப்பா, பேட்டரி, மருத்துவக் கழிவு என்று வந்ததையெல்லாம் விமான எரிபொருளை ஊற்றிக் கொளுத்துவார்கள், ராத்திரி பகல் கிடையாது. காற்று திரும்பினால் புகை படுக்கைக்கே வந்துவிடும் என்பார். அங்கே பிடித்த மூக்கடைப்பும் தலைபாரமும் இன்றைக்கும் அவரை விட்டபாடில்லை. எனக்கும் சைனஸ் உண்டு, ஆனால் அவர் காலையில் மூக்கு சிந்தும் சத்தம் வேலி தாண்டிக் கேட்கும்போது என்னுடையதெல்லாம் ஒரு வியாதியா என்று தோன்றும்.

எதற்கு இவ்வளவு கதை என்றால், பணியில் வந்த ஊனத்துக்காக முன்னாள் வீரர்களுக்கு அரசு மாதாமாதம் கொடுக்கும் ஊனத் தொகையைக் கேட்கும் க்ளெய்ம் விஷயத்தில் ஒன்றரை வருடம் அவரோடு உட்கார்ந்து பேப்பர் பார்த்ததில் எனக்கு ஒரு கோபம் மிச்சமிருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

2022 ஆகஸ்ட் 10ஆம் தேதி பைடன் கையெழுத்திட்ட பாக்ட் சட்டம் பற்றிப் பலருக்குத் தெரியும். நுரையீரல் புற்றுநோயில் 2020ல் இறந்துபோன ஒஹையோ வீரர் ஹீத் ராபின்சன் பெயரில் வந்த சட்டம். செனட்டில் ஜூலை கடைசியில் அது தடுக்கப்பட்டபோது முன்னாள் வீரர்கள் நாடாளுமன்றப் படிக்கட்டிலேயே படுத்துக் கிடந்தார்கள், பிறகு 86-11 என்று நிறைவேறியது. இராக், குவைத், ஆப்கானிஸ்தான் போன்ற இடங்களில் சட்டம் சொல்லும் காலத்தில் பணியாற்றியவருக்கு நாள்பட்ட சைனஸ் அழற்சி வந்தால், அது பணியால் வந்ததென்று அரசே எடுத்துக்கொள்ளும். 2021ல் இதே சலுகை வந்தபோது பணி முடிந்து பத்து வருடத்துக்குள் நோய் தெரிந்திருக்க வேண்டும் என்றொரு கெடு இருந்தது, அதுவும் போய்விட்டது. சரி, தொடர்பை நிரூபிக்க வேண்டாம், அப்புறம் என்ன சிக்கல் என்றுதான் நானும் நினைத்தேன்.

சிக்கல், நோய் எவ்வளவு கடுமை என்று அவர்கள் போடும் சதவீதத்தில் இருக்கிறது. சைனஸுக்கு 0, 10, 30, 50 என்று நான்கு படிகள்தான். எக்ஸ்ரேயில் மட்டும் தெரிந்தால் 0. வருடத்தில் ஒன்று அல்லது இரண்டு தடவை முடங்கிப்போய், ஒவ்வொரு தடவையும் 4 முதல் 6 வாரம் ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால் 10, மூன்று தடவையோ அதற்கு மேலோ ஆனால் 30. முடங்காவிட்டாலும் தலைவலி, வலி, சீழ்ச்சளி என்று வருடத்தில் மூன்று முதல் ஆறு தடவை வந்தால் 10, ஆறுக்கு மேல் வந்தால் 30. பல தடவை அறுவை சிகிச்சை செய்தும் ஏறக்குறைய எப்போதுமே இருந்தால் 50. முடங்குவது என்றால் என்ன என்றும் விதியிலேயே எழுதியிருக்கிறது: படுக்கையில் ஓய்வும் வேண்டும், டாக்டர் சிகிச்சையும் வேண்டும்.

இதைப் படித்தபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வாரம், ஆறு வாரம் ஆன்டிபயாட்டிக் இன்றைக்கு எந்த டாக்டர் எழுதிக் கொடுக்கிறார்? திடீரென்று வரும் சைனஸ் தொல்லை பெரும்பாலும் வைரஸால் வருவது, வீணாக ஆன்டிபயாட்டிக் கொடுக்காதே என்று வருடக்கணக்காக அவர்களுக்கே பாடம் எடுக்கிறார்கள், அது சரியான பாடமும்கூட. நல்ல டாக்டரிடம் போனவன் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவு, ஸ்டீராய்டு ஸ்ப்ரே அடி என்ற சீட்டோடு திரும்புகிறான். அவனும் மூக்கைக் கழுவிவிட்டு வேலைக்குப் போகிறான். விதியின் கண்ணுக்கு அவன் முடங்கவே இல்லை. மருந்தைக் கண்டபடி கொடுக்கும் டாக்டர் கிடைத்தவன் கோப்பில் பெரிய நோயாளி! நோயை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு மருந்துக்கடை ரசீதை அளக்கிறார்கள்.

இன்னொன்று, இவர்கள் ராணுவத்தில் பழகியவர்கள். அங்கே மருத்துவரிடம் போகிறவனுக்குக் கிடைக்கும் பெயரே வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கத்தான் பழக்கினார்கள், இப்போது பல்லைக் கடித்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு மருத்துவப் பரிசோதனை ஒரு ஒப்பந்த கிளினிக்கில், ஜனவரி மாதத்தில். ஜனவரி என்றால் இந்த ஊரில் மலைச் சீடர் (cedar) மரம் மகரந்தம் கொட்டும் மாதம், ஊரே தும்மும், சீடர் காய்ச்சல் என்றே அதற்குப் பெயர். பத்து நிமிடத்தில் பரிசோதனை முடிந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள், இந்த மனுஷர் "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்! அவர் மனைவி என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். சி.டி. ஸ்கேனில் நோய் இருப்பது தெரிந்ததால் பணித் தொடர்பு கிடைத்தது, ஆனால் ரேட்டிங் 0. அந்த முடிவில் பெரிதாகத் தப்பு சொல்ல முடியவில்லை, கோப்பில் அவ்வளவுதான் இருந்தது.

0 என்றதும் கடிதத்தைக் குப்பையில் போடப் போனார். நான்தான் பிடுங்கி வைத்தேன். அந்த 0க்குப் பெரிய மதிப்பு இருக்கிறது: பணித் தொடர்பு ஒத்துக்கொண்டாகிவிட்டது, இனிமேல் சண்டை அளவைப் பற்றி மட்டும்தான். 10 என்றால் 2025 கணக்கில் மாதம் 175 டாலர் சொச்சம், 30 என்றால் குடும்பம் இல்லாத ஆளுக்கே 537.

மேல்முறையீட்டுக்கு 2019 பிப்ரவரியிலிருந்து மூன்று வழிகள். புதுச் சான்றோடு துணை க்ளெய்ம், மூத்த அதிகாரி மறுபரிசீலனை, இல்லையென்றால் முன்னாள் வீரர் மேல்முறையீட்டு வாரியத்தில் நீதிபதி முன்னால். எதுவானாலும் முடிவு வந்து ஒரு வருடத்துக்குள் போட்டால் பழைய விண்ணப்பத் தேதி பொதுவாகக் கையை விட்டுப் போகாது. இவர் மூத்த அதிகாரி என்ற பெயரைப் பார்த்து அதில்தான் போடுவேன் என்று நின்றார். பெயர் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வழியில் புதுச் சான்று எதையும் பார்க்க மாட்டார்கள். இருக்கிற கோப்பையே இன்னொருவர் படிப்பார். காலியான கோப்பை மூத்தவர் படித்தால் என்ன, இளையவர் படித்தால் என்ன? துணை க்ளெய்ம்தான் என்று ஒருவழியாக ஒத்துக்கொள்ள வைத்தேன்.

சான்றுக்கு எங்கே போவது? முடங்காத தடவைகளுக்கு டாக்டர் சீட்டு இருந்தே ஆக வேண்டும் என்று விதியில் இல்லை, கூட இருந்து பார்த்தவர் எழுதிக் கொடுக்கலாம். அவர் மனைவி இரண்டு பக்கம் எழுதினார், பச்சைச் சளி, தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவது, குனிந்து ஷூ மாட்ட முடியாத காலைகள் எல்லாம். மருந்துக்கடையில் பழைய பட்டியல் வாங்கினோம். தேதி குறிக்க ஒரு காலண்டர் வேண்டுமென்றார், எங்கள் வீட்டில் உபரியாக இருந்தது கோயிலில் கொடுத்த முருகன் காலண்டர்தான். அதில் வலி வந்த நாளில் சிவப்பு, சீழ்ச்சளி வந்த நாளில் பச்சை என்று ஏழு மாதம் வட்டம் போட்டார். ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து ஏற்றினேன். வள்ளி தெய்வானையோடு முருகன் இப்போது அமெரிக்க மத்திய அரசின் கோப்பில் இருக்கிறார்.

நடுவில் ஒரு கம்பெனிக்காரர் போனில் வந்து 30 வாங்கித் தருகிறோம், கிடைத்தால் ஆறு மாதத் தொகை எங்களுக்கு என்றார். முதல் க்ளெய்முக்குப் பணம் வாங்கவே சட்டம் இடம் கொடுக்கவில்லை, மேல்முறையீட்டிலும் அங்கீகாரம் பெற்றவர்தான் வாங்கலாம். அமெரிக்கன் லீஜியன், டி.ஏ.வி. போன்ற முன்னாள் வீரர் அமைப்புகளில் இதை இலவசமாகவே செய்கிறார்கள். நாங்களும் கடைசியில் அப்படி ஒருவரிடம் காட்டித்தான் அனுப்பினோம். முதலிலேயே போயிருந்தால் எனக்கு இந்த ரத்தக்கொதிப்பு மிச்சமாகியிருக்கும்.

முடிவு இன்னும் வரவில்லை. நேற்று வேலிப்பக்கம் வந்து அடுத்த வருடக் காலண்டர் கோயிலில் எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டார். இந்த டிசம்பரில் வட்டம் போட இடம் குறைவாக இருக்கிறதாம்.