மூன்றாவது போனுக்கு இன்னும் இடம் இருக்கிறது

பொங்கலுக்கு வெள்ளையடிக்க அலமாரியைக் காலி செய்தபோது அப்பாவின் பழைய மஞ்சள் போன் கிடைத்தது. நோக்கியா லூமியா 520. தங்கை மகன் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறான். அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது ஆண்ட்ராய்டா மாமா?” என்று கேட்டான். இல்லை, மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் என்றேன். “அப்படி ஒன்று இருந்ததா?” என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனே, “போனில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டு பேருக்குத்தான் இடம் மாமா. மூன்றாவதாக யார் வந்தாலும் நிற்க முடியாது” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

அவன் மட்டுமல்ல, கணினித் துறையில் இருபது வருடம் வேலை பார்த்தவர்கள்கூட இதையே இயற்கை விதிபோலச் சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அன்று சுண்ணாம்பு வாளிக்கு நடுவே நின்றுகொண்டு அவனுக்குச் சரியாக விளக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும்.

முதலில் அந்தப் போனைப் பற்றி. பேட்டரி உப்பியிருந்தது. பின்மூடியைக் கட்டைவிரலால் அழுத்தி நெம்பினால் கழன்று வரும். உள்ளே பிஎல்-5ஜே பேட்டரி. கடைத்தெருவில் போன் பழுது பார்க்கும் தம்பியிடம் இன்னும் ஒன்று இருந்தது. அதைப் போட்டு இரவு முழுக்கச் சார்ஜில் வைத்தேன். காலையில் எழுந்துகொண்டது. கறுப்புத் திரையில் பெரிய பெரிய சதுரக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் என் தங்கையின் முகம், ஒன்றில் என் முகம், ஒன்றில் நாள்காட்டி, ஒன்றில் ரேடியோ. 2013-ல் வாங்கிக் கொடுத்தபோது நான் வைத்த வரிசை அப்படியே இருந்தது. அப்பா கண்ணாடி போடாமலேயே அந்தப் போனைப் பயன்படுத்தினார். எண்ணைத் தேட வேண்டியதில்லை, பெயரைப் படிக்க வேண்டியதில்லை. மகளின் முகத்தைத் தொட்டால் மகளோடு பேசலாம். வயதானவர்களுக்கு இதைவிட எளிய ஒரு முகப்பை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

அதன் நினைவகம் 512 எம்பி. இன்றைய போன்களோடு ஒப்பிட்டால் சிறுதுளி. ஆனால் விரலை மேலே தள்ளினால் திரை தண்ணீர்போல் ஓடும். பத்தாயிரம் ரூபாய்ப் போனில் அந்த வழுக்கல் அன்று பெரிய விஷயம். விண்டோஸ் போன்களிலேயே அதிகம் விற்ற மாடல் இதுதான். ஆகவே, சரக்கு மட்டம் என்பதால் அந்தத் தளம், அதாவது போனை இயக்கும் அடிப்படை மென்பொருள், தோற்றது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பிறகு ஏன் தோற்றது? செயலிகள் இல்லை என்பார்கள். உண்மைதான். அப்பா அந்தப் போனை விட்டதும் அதனால்தான். பணமதிப்பிழப்புக்குப் பின்னர் அவருடைய வங்கி ஒரு செயலியைக் கொண்டுவந்தது. மற்ற இரண்டு தளங்களுக்கும் கொடுத்தது, இதற்குக் கொடுக்கவில்லை. ஓய்வூதியம் வந்துவிட்டதா என்று பார்க்க அவர் பஸ் பிடித்துக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு நானே வேறு போன் வாங்கிக் கொடுத்தேன். மஞ்சள் போன் அலமாரிக்குப் போனது.

ஆனால் செயலிகள் ஏன் வரவில்லை என்ற அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. பயனர்கள் இல்லை, அதனால் செயலிகள் இல்லை. செயலிகள் இல்லை, அதனால் பயனர்கள் இல்லை என்று சுற்றிச் சுற்றி வருகிறார்கள். 2013-ன் பிற்பகுதியில் ஐரோப்பாவின் ஐந்து பெரிய சந்தைகளில் புதிதாக விற்ற போன்களில் பத்தில் ஒன்று விண்டோஸ் போன். பத்து சதவீதம் சின்ன எண் அல்ல. அங்கிருந்து மேலே ஏறியிருக்க வேண்டும். ஏறாததற்குக் காரணம், அந்தத் தளம் தன்னை நம்பி முதலில் வந்தவர்களை ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்ப நடுத்தெருவில் விட்டது.

விண்டோஸ் போன் 7 வந்தது 2010 இறுதியில். 2011 பிப்ரவரியில் நோக்கியா தன் சொந்த இயங்குதளமான சிம்பியனை ஒதுக்கிவிட்டு மைக்ரோசாஃப்டோடு கைகோத்தது. எண்ணிக்கையில் உலகிலேயே அதிகம் போன் விற்ற நிறுவனம் அன்று நோக்கியாதான். இதைவிட நல்ல துணை ஒரு புதிய தளத்துக்குக் கிடைக்காது. 2012 ஏப்ரலில் லூமியா 900 அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் விண்டோஸ் போன் 8 அறிவிக்கப்பட்டது. கூடவே இன்னொரு செய்தி: ஏற்கனவே விற்ற எந்தப் போனுக்கும் அது வராது. காரணம் உண்டு. 7-ன் அடியில் இருந்தது சிறு கருவிகளுக்கான விண்டோஸ் சிஇ. 8-ன் அடியில் இருந்தது கணினியில் ஓடும் விண்டோஸ் என்டி-யின் கரு. வீட்டின் அஸ்திவாரத்தையே மாற்றினார்கள். பொறியாளர்களுக்கு அது சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் ஏப்ரலில் போன் வாங்கியவனுக்கு ஜூனில் அது பழைய போன். அவனுக்கு 7.8 என்று ஒரு ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். கட்டங்களைச் சிறிதாகவும் பெரிதாகவும் மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் முக்கியச் சிறப்பு.

யோசித்துப் பாருங்கள். எல்லோரும் வாங்கும் போனை விட்டுவிட்டு, நண்பர்கள் கேலி செய்தாலும் பரவாயில்லை என்று புதிய தளத்தை வாங்குகிறவன் யார்? அவன்தான் அந்தத் தளத்தின் இலவச விற்பனையாளன். அலுவலகத்தில் காட்டுவான், கல்யாண வீட்டில் காட்டுவான், மச்சானை வாங்க வைப்பான். அவன் வாய் மூடியதும் விளம்பரம் மூடியது.

செயலி எழுதியவர்களுக்கும் இதே கதிதான். முதலில் சில்வர்லைட் என்ற மைக்ரோசாஃப்ட் கட்டமைப்பில் எழுதுங்கள் என்றார்கள். 8.1 வந்தபோது புதிய வசதிகள் வேண்டுமானால் வேறு கட்டமைப்பு. 10 வந்தபோது மீண்டும் வேறு. பழையது ஓடும்தான், ஆனால் வளராது. மூன்று பேர் உட்கார்ந்து செயலி எழுதும் சின்ன நிறுவனம் ஐந்து வருடத்தில் எத்தனை முறை முதலிலிருந்து தொடங்கும்? ஐபோனுக்கு 2008-ல் எழுதக் கற்றவன் அதே கருவிகளோடு வளர்ந்துகொண்டே போனான்.

2016 மார்ச்சில் பழைய போன்களுக்கு விண்டோஸ் 10 மொபைல் வந்தபோது, தளத்தின் பெயரைக் காப்பாற்றிய லூமியா 520-ஐயே பட்டியலில் சேர்க்கவில்லை. 41 மெகாபிக்சல் கேமராவோடு வந்த லூமியா 1020-ம் வெளியே. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையிலேயே மைக்ரோசாஃப்ட், தான் வாங்கியிருந்த நோக்கியா போன் தொழிலுக்காக 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதி, 7,800 வேலைகளை வெட்டியிருந்தது. அதன்பின் நடந்தது சடங்கு மட்டுமே.

போட்டியாளர்கள் உதவினார்களா என்றால் இல்லை. 2013-ல் மைக்ரோசாஃப்ட் தானே எழுதிய யூடியூப் செயலியைக் கூகுள் முடக்கியது. விதிமீறல் என்று கூகுள் சொன்ன காரணம் ஒருபுறம். தன் வீடியோவுக்கு ஒரு நல்ல செயலியைத் தானே கொடுக்காததும் கூகுள்தான். இந்த அநியாயத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் எதிரி உதவவில்லை என்பது தோல்விக்குக் காரணமாகாது. எதிரி எதற்கு உதவுவான்?

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையையும் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2006-ல் உற்பத்தி தொடங்கியது. ஷிப்ட் முடிந்து பஸ்களில் வரிசை வரிசையாகப் போன இளம்பெண்களைக் காஞ்சிபுரம் சாலையில் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. வரித் தகராறால் அந்த ஆலை மைக்ரோசாஃப்டின் கைக்குப் போகவில்லை. போன் வாங்கும் ஒப்பந்தத்தை அவர்கள் நிறுத்தியதும் 2014 நவம்பர் 1 அன்று இயந்திரங்கள் நின்றன. தளங்களின் போட்டி என்பது நமக்கு வெறும் தொழில்நுட்பச் செய்தி அல்ல.

இனி எதிர்ப்பக்கத்து உதாரணம். 2019 மே மாதம் அமெரிக்கா சீனப் போன் நிறுவனமான ஹுவாவேயைத் தடைப்பட்டியலில் வைத்தது. புதிய போன்களுக்குக் கூகுள் சேவைகள் கிடையாது. அந்த ஆகஸ்டில் அதன் சொந்த இயங்குதளமான ஹார்மனி ஓஎஸ் அறிவிக்கப்பட்டபோது, இது ஆண்ட்ராய்டுக்குப் பூசிய சாயம் என்று பலரும் சிரித்தார்கள். 2021 ஜூனில் போன்களுக்கு வந்தபோது அதற்குள் ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடின; ஆகவே அந்தச் சிரிப்பில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. ஆனால் அவர்கள் அப்போது செய்த ஒரு காரியத்தை நான் மிக முக்கியமாகப் பார்க்கிறேன். ஏற்கனவே மக்கள் கையில் இருந்த சுமார் நூறு மாடல்களுக்கு, சில வருடப் பழைய போன்கள் உட்பட, புதிய தளத்தைத் தருவதாக அறிவித்துப் படிப்படியாகக் கொடுத்தார்கள். பழைய செயலிகளும் ஓடின, பழைய போனும் புதிதானது. யாரையும் எதையும் தூக்கிப்போடச் சொல்லவில்லை. மைக்ரோசாஃப்ட் 2012-ல் செய்ததற்கு நேர் எதிர்.

மக்கள் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான், 2024 அக்டோபரில், ஆண்ட்ராய்டை முழுவதும் கழற்றிவிட்ட ஹார்மனி ஓஎஸ் நெக்ஸ்ட் வந்தது. அதற்கு முன் கையில் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். சீனப் பயனர் போனில் செலவிடும் நேரத்தில் 99 சதவீதம் ஐயாயிரம் செயலிகளுக்குள் அடங்கிவிடுகிறது என்று ஹுவாவேயின் எரிக் ஷு 2024 ஏப்ரலில் சொன்னார். கடையில் எத்தனை லட்சம் செயலிகள் என்று பெருமை பேசுவதை விட்டுவிட்டு, அந்த ஐயாயிரத்தை எழுதுகிறவர்களின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டினார்கள். 2024 முதல் காலாண்டில், கவுன்டர்பாயின்ட் என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, சீனப் போன் விற்பனையில் ஹார்மனி 17 சதவீதம், ஐபோன் தளம் 16 சதவீதம்.

சீனாவில் கூகுளே இல்லையே, ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைதானே என்பார்கள். அரைகுறை வாதம். அங்கே ஐபோன் முழு பலத்தோடு இருக்கிறது. கூகுள் சேவைகள் இல்லாத ஆண்ட்ராய்டை வைத்துக்கொண்டு ஷாவ்மி, ஓப்போ, விவோ ஆகியோர் கோடிக்கணக்கில் விற்கிறார்கள். அவர்களுக்கு நடுவேதான் ஹார்மனி இந்த இடத்தைப் பிடித்தது. அரசின் ஆதரவும் நாட்டுப்பற்றும் உதவின, மறுக்கவில்லை. சீனாவுக்கு வெளியே அது இன்னும் கால் ஊன்றவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் மூன்றாவதுக்கு இடமே இல்லை என்ற விதி உடைந்துவிட்டது. உலகின் மிகப் பெரிய போன் சந்தையிலேயே உடைந்துவிட்டது.

நம் ஊரிலும் ஒரு சிறிய உதாரணம் உண்டு. மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் 2014-ல் இந்தியாவுக்கு இரண்டாயிரம் ரூபாய்ப் போனாக வந்து எடுபடவில்லை. அதே நிரல்தான் கை ஓஎஸ் என்ற பெயரில் 2017-ல் ஜியோபோனுக்குள் நுழைந்தது. 1,500 ரூபாய் முன்பணம், பொத்தான்கள், 4ஜி. அடுத்த ஆண்டே வாட்ஸ்அப்பும் அதற்கு வந்தது. ஆண்ட்ராய்டு எட்டாத விலையில் நின்றதால் அதற்கு இடம் கிடைத்தது.

இதெல்லாம் எதற்காக எழுதுகிறேன் என்றால், சென்னை ஐஐடியின் பிரவர்த்தக் அறக்கட்டளையில் வளர்ந்த பார் ஓஎஸ் என்ற இந்திய இயங்குதளத்துக்காக. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சர்கள் அதைச் சோதித்துப் பார்த்த படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. அழிக்க முடியாத திணிப்புச் செயலிகள் எதுவும் இல்லாத போன் என்பது நல்ல எண்ணம். இந்த முயற்சியை இளக்காரமாகப் பேசியவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. கூடவே ஒரு கவலையும் உண்டு. இயங்குதளம் எழுதுவது கடினம்தான். ஆனால் முட்டுக்கட்டை அங்கே இல்லை, அப்பாவின் வங்கிச் செயலி இருக்கும் இடத்தில் இருக்கிறது.

இன்று பல வங்கிச் செயலிகள் திறந்தவுடன், இந்தப் போன் கூகுள் சான்றளித்ததுதானா என்று கூகுளின் சேவையிடமே கேட்கின்றன. இல்லை என்று பதில் வந்தால் கதவைச் சாத்திவிடுகின்றன. போன் எவ்வளவு பாதுகாப்பானது என்பது கணக்கிலேயே வராது. அதாவது போட்டியில் புதிதாக இறங்குகிறவனுக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பவர் எதிரணித் தலைவர். ஆண்ட்ராய்டு விஷயத்தில் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நல்ல காரியம். ஆனால் அபராதத்தால் மட்டும் ஒரு புதிய போனில் பணம் அனுப்ப முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். போனின் சில்லுக்குள்ளேயே, இயங்குதளம் திருத்தப்படவில்லை என்று உறுதி செய்யும் வசதி இருக்கிறது. அதற்குக் கூகுளின் ஒப்புதல் தேவையில்லை. அந்தச் சான்றை வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிடலாம். பொத்தான் போனுக்காக 2022-ல் யுபிஐ 123பே கொண்டுவந்த அதே ரிசர்வ் வங்கியாலும் தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தாலும் இது முடியாதா? முடியும். யாரும் உரக்கக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பார் ஓஎஸ் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை மாடல்களில் வரும் என்பதைப் பிறகு சொல்லுங்கள். முதல் நாள் வாங்குகிறவருக்கு எத்தனை வருடம் புதுப்பிப்பு தருவீர்கள் என்பதைப் பெட்டியின் மேலேயே, தேதியோடு, தமிழிலும் அச்சடியுங்கள். அந்தத் தேதி ஏழு வருடம் தள்ளி இருந்தால் முதல் போனை அப்பாவுக்காக நான் வாங்குகிறேன். தங்கையின் முகத்தை முகப்பில் வைத்துக் கொடுப்பேன்.