பாஸ்புக்கில் தொகை இருக்கும், அலமாரியில் மாத்திரை இருக்காது

மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் தீர்ந்துபோக நிதிப் பற்றாக்குறையே காரணம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. பாதிதான் சரி. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தர 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் முறையில் நிலையத்துக்குப் பணம் வராது. நிலையத்தின் பெயரில் உள்ள பாஸ்புக்கில் ஒதுக்கீட்டுத் தொகை எழுதியிருக்கும். மாவட்டக் கிடங்கில் மருந்து எடுக்க எடுக்கக் கழியும்.

கோளாறு, மருந்துத் தேவையை எழுதிக் கேட்கும் இண்டெண்ட் போடும் இடத்தில். போன வருடச் செலவைப் பார்த்தே இந்த வருடத் தேவையை எழுதுகிறார்கள். உதாரணத்துக்கு, மாதம் 6,000 மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை) போகும் இடத்தில் நாலு மாதம் இருப்பே இல்லையென்றால், ரிஜிஸ்டரில் ஏறுவது 72,000 அல்ல, 48,000. அதையே எழுதி அனுப்பினால் அடுத்த வருடமும் அதே கதை. இருப்பு இருந்த 8 மாதத்தால் வகுத்து 12-ஆல் பெருக்கணும். அஞ்செட்டி, சித்தேரி மாதிரி மலைப்பகுதி இடங்களுக்கு மழைக்காலக் கையிருப்பும் கூடுதலாக வேண்டும். மருந்தாளுநர் இடம் காலியாக இருந்தால் இந்தக் கணக்கை யார் போடுவது? நர்ஸ் தலையில்தான் விழும்.

வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில்தான். நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் மாத்திரையையும் ஓ.பி.யில் கொடுப்பதையும் தனித்தனியாகப் பதியாவிட்டால் எது எங்கே தீர்ந்தது என்றே தெரியாது.

மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒரு நிலையம், 3,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது விதி. தலைக்கணக்கு சரி, பெட்டமுகிலாளம் பக்கம் குக்கிராமங்களுக்கு இடையே உள்ள தூரம் அதில் வராது. நிலையத்தின் செலவுகளைப் பார்க்கும் நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் எந்த மருந்து எத்தனை நாள் இல்லை என்ற பட்டியலை முதலில் கேளுங்கள், பெயிண்ட் பில்லை அப்புறம் பார்க்கலாம்.