கோரஸ்காரரின் பெயரையும் போடுங்கள்

கோயில் திருவிழாக் காலத்தில் கிழக்கிலங்கையில் மட்டக்களப்பிலிருந்து திருக்கோவில் ஊர் வரை இசைக்குழுக்களுக்கு ஓய்வே இருக்காது. மேடையின் பின்பக்கம் ஒரே மைக்கில் இரண்டு மூன்று பேர் நின்று கோரஸ் பாடுவார்கள். அவர்களைக் கண்டால் நம்மாட்கள் கேட்கும் முதல் கேள்வி: "இன்னும் எவ்வளவு காலத்துக்குக் கோரஸ்? சொந்தமா ஒரு பாட்டு விட்டா என்ன?"

அக்கறையில்தான் கேட்கிறார்கள், சரி. ஆனால் கோரஸ் பாடுபவர் தனிப்பாடகராக முடியாமல் தேங்கிப்போனவர் என்ற நினைப்பு எனக்கு ஒப்பாது. கோரஸில் ஒருவர் குரல் தனித்துக் கேட்டால் அது பிழை. மூச்செடுக்கும் இடமும் சொல் முடியும் இடமும் பக்கத்தில் நிற்பவரோடு ஒன்றாக விழவேண்டும். தனிப்பாட்டிலோ குரல் தனித்துத் தெரியாவிட்டால்தான் பிழை. கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வடமோடிக் கூத்தில் ஆடிக் களைத்த கூத்தரின் வரியை விழாமல் ஏந்துவது பிற்பாட்டுக்காரர்தானே?

கோரஸிலிருந்து தனிப்பாட்டுக்குக் கடந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். எல்.ஆர்.ஈஸ்வரி கோரஸில் தொடங்கியவர். 1958இல் கே.வி.மகாதேவன் தனிப்பாட்டு வாய்ப்புக் கொடுத்தார். ஆனால் ஊரறிந்தது 1961இல், 'பாசமலர்' படத்து 'வாராய் என் தோழி' பாட்டில். அந்தப் பாட்டு இல்லாத கல்யாண வீடு இங்கேயும் குறைவு. அமெரிக்கப் பாடகர் லூதர் வான்ட்ராஸ், பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி போன்றவர்களுக்குப் பின்குரல் கொடுத்தவர், விளம்பரப் பாட்டுகளும் பாடியவர். கைக்காசைப் போட்டுத் தன் பாட்டைப் பதிவுசெய்து, இசைத்தட்டுக் கம்பனிகளுக்குப் போட்டுக் காட்டித்தான் 1981இல் தனி அல்பம் கொண்டுவந்தார். அதே நாட்டுப் பாடகி டார்லீன் லவ்வின் கதை இன்னொரு மாதிரி. 1962இல் அங்கே பாட்டுத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்த 'ஹீ இஸ் எ ரெபல்' பாட்டில் முன்குரலே அவருடையது. இசைத்தட்டில் இருந்ததோ வேறொரு குழுவின் பெயர். பாட்டு எங்கும் ஒலித்தது, பாடியவர் யாரென்று ரசிகர்களுக்குத் தெரியாது.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. "அச்சு அசல் ஜானகியம்மா மாதிரியே பாடுறா" என்பதுதான் மேடையில் நாம் கொடுக்கும் பெரிய பாராட்டு. அப்படிப் பாடினால்தான் அடுத்த நிகழ்ச்சிக்கும் கூப்பிடுவார்கள். பத்துப் பேரின் குரலில் பாடத் தெரிந்த பிள்ளை சொந்தப் பாட்டுக்கு மைக் முன்னால் நிற்கும்போது எந்தக் குரலில் தொடங்குவாள்? அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு வேண்டியது யாரும் முன்பு பாடியிராத பாட்டு. இங்கே மெட்டமைப்பவர்கள் இருக்கிறார்கள், எழுதுபவர்கள் இருக்கிறார்கள், கல்லடியில் விபுலானந்தர் பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகமே இருக்கிறது. திருவிழா மேடையில் ஒரு புதுப் பாட்டுக்கு இடம் கொடுத்தால் சனம் எழும்பிப் போய்விடும் என்ற பயம்தான் ஏற்பாட்டாளர்களுக்கு. ஒரு பாட்டுக்காகச் சனம் எழும்பிப் போகாது, பயப்படாதீர்கள்.

எனக்குக் கோபம் வருவது யூடியூபில். உள்ளூர் பாட்டொன்றின் கீழே ட்ரோன் பறக்கவிட்டவர் பெயர் இருக்கும், சாப்பாடு கொடுத்த கடையின் பெயரும் இருக்கும். கோரஸ் பாடியவர்கள் பெயர் இருக்காது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாடுபவருக்கும் உரிமை கொடுக்கிறது. ஆனால் காசைக் கையில் வாங்கிக்கொண்டு ஸ்டூடியோவிலிருந்து வருபவரிடம் எழுத்தில் ஒரு துண்டும் இருப்பதில்லை. நாளைக்கு "இதில் பாடியது நான்தான்" என்று சொல்லி இன்னொரு வாய்ப்புக் கேட்க அவரிடம் என்ன இருக்கிறது? ஏற்றிவிட்ட காணொளியின் விவரக் குறிப்பை இப்போதும் திருத்தலாம். ஐந்து நிமிட வேலை.