முடிவை ஏன் முகப்பிலேயே ஒட்டுகிறீர்கள்?

வயிறு எரிகிறது. நேற்று ராத்திரி நடந்ததைக் கொட்டித் தீர்க்காமல் தூக்கம் வராது.

மூன்று மாதமாகக் கெஞ்சி, ஒரு வழியாகத் தம்பியைப் படம் பார்க்க உட்கார வைத்தேன். ‘தி விக்கர் மேன்’. 1973-ல் வந்த பிரிட்டிஷ் படம். 2006-ல் வந்த அமெரிக்க மறு ஆக்கத்தைச் சொல்லவில்லை. காணாமல் போன சிறுமியைத் தேடி ஸ்காட்லாந்தின் ஒரு தீவுக்குப் போலீஸ்காரர் ஒருவர் தனியாக வருகிறார். ஊரே பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறது. அது என் பிள்ளையே இல்லை என்று பெற்ற தாயே சொல்கிறாள். இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். தம்பியிடமும் இவ்வளவுதான் சொல்லியிருந்தேன்.

விளக்கை அணைத்து, அவன் ஃபோனைப் பிடுங்கி வைத்துவிட்டு, டிவியில் ஓடிடி தளத்தில் படத்தைத் தேடினேன். வந்து நின்றதே முகப்புப் படம்! கடைசி ஐந்து நிமிடத்தில் என்ன வருகிறதோ அது அப்படியே, திரை முழுக்க. “ஓ, கடைசியில இதுதானா?” என்றான். சரி, சட்டென்று உள்ளே போய்விடலாம் என்று பட்டனைத் தேடுவதற்குள் ஒரு துண்டுக் காட்சி தானாக ஓட ஆரம்பித்தது. எங்கிருந்து எடுத்த துண்டு? அதுவும் அதே இடத்திலிருந்து!

இது பேய்ப்படம் இல்லை. திடுக்கிட வைக்கும் சத்தம் இல்லை, ரத்தமும் கிடையாது. பட்டப்பகலில் ஊர்க்காரர்கள் பாடுகிறார்கள், சிரித்த முகத்தோடு பொய் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தப் போலீஸ்காரர் காலியாகக் கிடக்கும் ஒரு மேசையைத் திறக்கிறார். உள்ளே ஓர் ஆணி. அதில் நூலால் கட்டிய ஒரு வண்டு. அது ஒரே பக்கமாகச் சுற்றச் சுற்ற நூல் ஆணியில் சுருண்டு குறுகிக்கொண்டே போகிறது. முதல் தடவை பார்க்கிறவனுக்கு இது பிள்ளைகள் செய்த குரூரமான விளையாட்டு, அவ்வளவுதான். படம் முடிந்த பிறகு படுக்கையில் புரளும்போதுதான் அந்த வண்டு திரும்ப வர வேண்டும். எனக்கு அப்படித்தான் வந்தது. தம்பியோ அதைப் பார்த்ததுமே தலையை ஆட்டினான். புரியக் கூடாத நேரத்தில் எல்லாம் புரிந்துவிட்டது அவனுக்கு.

இந்தப் படத்தை எடுத்தவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா? கதை நடப்பது மே மாத வசந்தத்தில். படம் பிடித்ததோ 1972 அக்டோபர், நவம்பர் குளிரில். மொட்டை மரங்களில் செயற்கைப் பூக்களை ஒட்டினார்கள். பேசும்போது வாயிலிருந்து ஆவி வரக் கூடாது என்று நடிகர்கள் ஐஸ் கட்டியைச் சப்பினார்கள். கையில் காசு குறைவு. முக்கிய நடிகர்களில் ஒருவரான கிறிஸ்டோபர் லீ சம்பளமே வாங்காமல் நடித்தார். அப்படியும் தயாரிப்பு நிறுவனம் பத்து நிமிடத்துக்கு மேல் வெட்டி எறிந்து, இன்னொரு படத்துக்குத் துணைப்படமாகத்தான் வெளியிட்டது. இத்தனையையும் தாண்டி வந்த படத்தைக் ஒரே ஒரு முகப்புப் படத்தை வைத்துக் கொன்றுவிடுகிறார்கள்.

“ஐம்பது வருஷத்துப் படம்தானே, முடிவு தெரிஞ்சா என்ன?” என்று கேட்கிறவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம். என் தம்பிக்கு 22 வயது. அவனுக்கு அது நேற்று ராத்திரி வந்த படம்! அந்தத் தீவில் வேறு எதையுமே காட்ட முடியாதா? கடல் இருக்கிறது, மிருக முகமூடி போட்ட ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். அதில் ஒன்றைப் போட்டால் பார்க்க வருகிறவன் ஓடியா போய்விடுவான்?

அடுத்த வாரம் அக்கா வருகிறாள். அவள் உட்காருவதற்கு முன்பே படத்தை ஓடவிட்டு, கடல் விமானம் தீவை நோக்கிப் பறக்கும் காட்சியில் நிறுத்தி வைக்கலாம் என்று இன்று காலை ஒத்திகை பார்த்தேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன், விமானத்தைக் காணோம். திரை முழுக்க மறுபடியும் அதே முகப்புப் படம்!