மீதி 71 எங்கே?

அப்பா: என்னம்மா இது, நேத்து வாங்கிட்டுப் போன, துண்டு துண்டா ஒட்டிச் செய்யுற பிளாஸ்டிக் விமானம். பெட்டி மேல 1/72ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. உள்ள ஒண்ணுதான் இருக்கு. மீதி 71 எங்கே?

கடைக்காரம்மா: அது அளவு தம்பி. இது ஸ்பிட்ஃபயர்ங்கிற பழைய பிரிட்டிஷ் போர் விமானம். நிஜ விமானத்துக்கு இந்த இறக்கை முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் 11.23 மீட்டர். 72ஆல வகுத்தா 15.6 சென்டிமீட்டர். அதைத்தான் வாங்கியிருக்கீங்க.

அப்பா: அப்போ ஷெல்ஃபுல 1/48ன்னு ஒண்ணு இருக்கே, அதுல 47தானே பாக்கி? அதை எடுத்திருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும்.

கடைக்காரம்மா: அது 23.4 சென்டிமீட்டர். நம்பர் குறைஞ்சா விமானம் பெரிசு, விலையும் பெரிசு. ஸ்கூல் ரேங்க் மாதிரின்னு வச்சுக்குங்க. பெட்டியைத் திறங்க... ஐயையோ, துண்டெல்லாம் ஒட்டியிருந்த ஃப்ரேம் எங்க?

அப்பா: அந்தக் கம்பி வேலியா? எல்லாத்தையும் திருகித் திருகிப் பிச்சுட்டு, வேலியைக் குப்பையில போட்டாச்சு. ஆனா ஒரு துண்டுலகூட நம்பர் இல்லம்மா. எது 14, எது 23ன்னு நான் என்ன ஜோசியமா பாக்குறது?

கடைக்காரம்மா: நம்பர் உங்க வீட்டுக் குப்பைத்தொட்டியில இருக்கு. துண்டுக்குப் பக்கத்துல, ஃப்ரேம்லதான் நம்பர் இருக்கும். அதனாலதான் முதல்ல ஃப்ரேமோட பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில அலசணும். அச்சுல ஒட்டாம இருக்கப் போட்ட எண்ணெய்ப் பிசுக்கு போனாதான் பெயின்ட் பிடிக்கும். அப்புறம் அந்தந்த ஸ்டெப்புக்கு வேண்டிய துண்டை மட்டும் நிப்பர்ல, அதாவது சின்ன வெட்டுக் குறடால வெட்டணும். முதல் வெட்டு கொஞ்சம் தள்ளி, ரெண்டாவது வெட்டு கிட்ட. மிஞ்சுற துருத்தலை பிளேடால சீவி, 400 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 600. திருகினா பாருங்க, இறக்கை ஓரத்துல சதையோட பிஞ்சு குழி விழுந்திருக்கு.

அப்பா: அது எதிரி சுட்டதுன்னு சொல்லிக்கலாம். இந்தக் கண்ணாடிதான் மோசம். வாங்கும்போதே மங்கல்.

கடைக்காரம்மா: எதால ஒட்டினீங்க?

அப்பா: ஃபெவிகுவிக்.

கடைக்காரம்மா: அதோட ஆவி படிஞ்சா கண்ணாடி வெள்ளை பூத்துடும். கண்ணாடிக்கு ஃபெவிகால் போதும். காஞ்சா தெளிவாயிடும்.

அப்பா: ஃபெவிகாலா? அப்போ உடம்புக்கும் ஃபெவிகால்தான் போட்டிருக்கணுமா?

கடைக்காரம்மா: உடம்புல அது நிக்காது. அதுக்குப் பிளாஸ்டிக் சிமென்ட்னு ஒரு பசை. பிளாஸ்டிக்கையே உருக்கி ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக்கும். ரெண்டு பாதியையும் சேத்துப் பிடிச்சு, இடுக்குல பிரஷ் நுனியை வச்சா தானே உள்ள ஓடிடும். ஒட்டுற இடத்துல பெயின்ட் இருந்தா சுரண்டணும், பெயின்ட் மேல அது பிடிக்காது. இது என்ன, உள்ள காலியா இருக்கு? சீட்டு எங்க?

அப்பா: சீட்டு, குட்டியா ஒரு குச்சி, மீட்டர் பலகை மாதிரி ஒண்ணு, எல்லாம் மிஞ்சிடுச்சு. ஸ்பேர் கொடுத்திருக்காங்கன்னு பத்திரமா டப்பாவுல வச்சிருக்கேன்.

கடைக்காரம்மா: அது காக்பிட், விமானி உக்கார்ற இடம். பெயின்ட் அடிச்சு உள்ள வச்சிட்டுத்தான் மூடணும். நிஜமாவே மிஞ்ச வேண்டியது சக்கரம்தான். பறக்குற மாதிரி மடக்கி வைக்க ஒரு செட், தரையில நிக்க இன்னொரு செட். நீங்க ரெண்டையும் ஒட்டியிருக்கீங்க.

அப்பா: காசு கொடுத்திருக்கேன்ல? மேல பச்சையும் மண்ணு கலரும் அடிக்கச் சொல்லுது. வானத்துல போறதுக்கு எதுக்கு மண்ணு கலர்?

கடைக்காரம்மா: மேலேயிருந்து பாக்குறவனுக்குத் தரையோட தரையா தெரியத்தான். கீழேயிருந்து பாக்குறவனுக்கு அடிப்பக்கம் வெளிர் வான நிறம். 1940ல பிரிட்டன் மேல நடந்த சண்டையில இப்படித்தான் பறந்துது. அதுல 234ஆவது ஸ்குவாட்ரன்னு ஒரு விமானப்படைப் பிரிவு, அதோட பேரே மெட்ராஸ் பிரசிடென்சி, தெரியுமா? நம்ம மாகாணத்துலேருந்து போன நன்கொடைக்காக வச்ச பேரு. ஒரு விமானத்துக்கு 5,000 பவுண்டுன்னு அப்போ கணக்கு.

அப்பா: அவங்களுக்காவது முழு விமானம் கிடைச்சுதா, இல்ல 72ல ஒண்ணா?

கடைக்காரம்மா: முழுசு. சீட்டோட.

அப்பா: ஸ்டிக்கரும் டூப்ளிகேட்தான். நகத்தால கீறிக் கீறிப் பாத்தேன், உரியவே இல்ல.

கடைக்காரம்மா: உரிக்கிறது இல்லப்பா அது. ஒவ்வொண்ணா வெட்டி, தண்ணியில ஒரு அரை நிமிஷம். பேப்பர் மேல வழுக்க ஆரம்பிச்சதும் ஈர பிரஷால விமானத்து மேல தள்ளணும். அதுக்கு முன்னாடி பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட். சொரசொரப்பு மேல ஒட்டினா அடியில காத்து நின்னு வெள்ளியா மின்னும்.

அப்பா: இவ்வளவும் திங்கட்கிழமைக்குள்ள முடியுமா? ஆறாவது படிக்கிறான், போக்குவரத்து ப்ராஜெக்ட்.

கடைக்காரம்மா: இன்னிக்கு சனிக்கிழமை. எனாமல் பெயின்டுன்னா ஒரு கலர் காயவே ஒரு ராத்திரி. ஆமா, பையன் எங்க?

அப்பா: டியூஷன்ல. மேக்ஸ்ல வீக். பின்னம், விகிதம் ஒண்ணும் ஏறமாட்டேங்குது.

கடைக்காரம்மா: அது பரம்பரை தம்பி.

அப்பா: பெட்டியில வேற 8+ன்னு போட்டிருக்கு. எட்டுப் பேர் செய்ய வேண்டியதை நான் தனியா செய்யுறேன்.

கடைக்காரம்மா: எட்டு வயசுப் பையன் செய்யலாம்னு அர்த்தம். நேத்தே ஸ்டார்டர் செட் எடுங்க, பெயின்ட், பிரஷ், பசை எல்லாம் உள்ளேயே இருக்குன்னு சொன்னேன். படம் நல்லா இருக்குன்னு இதை எடுத்தீங்க. பையன் கையில கொடுத்திருந்தா, முதல் பக்கத்தைப் படிச்சிட்டாவது பிச்சிருப்பான்.

அப்பா: அவன் செஞ்சா கோணலா வரும்மா. மார்க் போயிடும். பேசாம நீங்களே ஒண்ணு செஞ்சு கொடுத்துடுங்க, கூலி தர்றேன்.

கடைக்காரம்மா: மிஸ் பையனுக்குக் கொடுத்தாங்க, பையன் உங்களுக்குக் கொடுத்தான், நீங்க எனக்குக் கொடுக்குறீங்க. ஆறாவது மார்க் ஷீட்ல என் பேரும் வருமா?

அப்பா: எல்லார் வீட்டுலயும் இதானே நடக்குது? அந்த மிஸ்ஸை முதல்ல ஒண்ணு செஞ்சு காட்டச் சொல்லணும்.

கடைக்காரம்மா: காலையில ஒரு மிஸ் வந்தாங்க. அவங்க பொண்ணுக்கு வேற ஸ்கூல்ல இதே ப்ராஜெக்டாம்.

அப்பா: அப்படியா? அவங்க எதை வாங்கினாங்க?

கடைக்காரம்மா: ரெடியா செஞ்சது இருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னதும், ஃபெவிகுவிக் எங்க கிடைக்கும்னு கேட்டுட்டுப் போனாங்க.