திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவது

பள்ளி விளையாட்டுக் களத்தில் இரண்டு பையன்கள் காதலிக்கும் இளையோர் நாவல்களில் பாதிக்கு மேல் சறுக்குவது காதலில் இல்லை, விளையாட்டில். “பயிற்சி முடிந்தது, இருவரும் வியர்வையோடு படியில் உட்கார்ந்தார்கள்” என்று ஒரே வரியில் மைதானத்தைத் தாண்டிவிட்டு நேரே மனசுக்குள் இறங்கிவிடுகிறார்கள். அதற்கு எதற்கு அவர்களை ஓட விட வேண்டும்? நூலகத்திலேயே சந்திக்க வைத்திருக்கலாமே.

4×100 மீட்டர் ரிலேயை எடுத்துக்கொள்ளுங்கள்: நால்வர் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடி, கையிலிருக்கும் சின்னக் கோலை (பேட்டன்) அடுத்தவனிடம் தரும் ஓட்டம். என்னைக் கேட்டால் இந்த வகைக் கதைக்கு இதைவிடத் தோதான விளையாட்டு கிடையாது. கோலை வாங்குபவன் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் காதல் கதைகளில் அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டால் போதும், பாதிக் கதை முடிந்தது. இங்கே நேர்மாறு. பார்த்தால் வேகம் போச்சு.

அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் எழுத வரும். கோல் கைமாற வேண்டிய பகுதி 30 மீட்டர். வாங்குபவன் அதன் தொடக்கக் கோட்டருகே நிற்பான். அங்கிருந்து பின்னோக்கி அடிமேல் அடி வைத்து எண்ணி, தரையில் டேப் ஒட்டுவான். பள்ளி அளவில் இருபது அடி அளவில் தொடங்கி, ஓடிப் பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள். வருபவன் அந்த டேப்பைத் தொட்ட கணம், இவன் முழு வேகத்தில் கிளம்ப வேண்டும். பின்னாலிருந்து “கை!” என்று குரல் வந்ததும் கையைப் பின்னால் நீட்டி ஆடாமல் வைத்திருக்க வேண்டும். தருபவன் வலது கையில் கொண்டுவந்தால் வாங்குவது இடது கை.

கெடுவதற்கும் இங்கே ஒழுங்கான காரணங்கள் உண்டு. சீக்கிரம் கிளம்பினால் வருபவனால் எட்டிப் பிடிக்க முடியாது, 30 மீட்டரைத் தாண்டிக் கைமாறினால் அணியே வெளியே. கணக்கில் வருவது கோல் இருக்கும் இடம், ஆளின் கால் இல்லை. தாமதமாகக் கிளம்பினால் பின்னால் வருபவன் முதுகில் வந்து மோதுவான். எதிர்காற்று அடித்தாலோ, வருபவன் களைத்திருந்தாலோ டேப்பை ஓரிரண்டு அடி கிட்டே கொண்டுவர வேண்டும். ஆக, இவன் அவனுடைய உடம்பைத் தன் உடம்பைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காதல் என்ற சொல்லையே தொடாமல் ஐந்து அத்தியாயம் எழுதலாம்.

இனி சண்டைக் காட்சி. முந்தின நாள் இருவரும் பேசவில்லை. மறுநாள் பயிற்சியில் வாங்குபவன் டேப்பை நம்பாமல் அரை நொடி தயங்குகிறான், அல்லது பாதியில் தலையைத் திருப்புகிறான். கோச் கத்துகிறார்: “ஏன்டா பார்க்குற?” அவ்வளவுதான். வசனம் வேண்டாம், மழை வேண்டாம். கோல் விழுந்தால் இன்னும் நல்லது. அது வாங்குபவன் கைக்கு மட்டுமாக முழுசாக வந்து சேராதவரை, குனிந்து எடுக்க வேண்டியவன் தந்தவன்தான். விதியே அப்படி. யார் தப்பு என்று இருவருக்கும் தெரியும், ஆனால் குனிபவன் ஒருவன்.

காயத்தையும் கொஞ்சம் யோசித்து எழுதுங்கள். ஓட்டக்காரனுக்கு வருவது பெரும்பாலும் பின்தொடைத் தசைப் பிடிப்பு. லேசானதென்றால் ஒன்று முதல் மூன்று வாரம். அவசரப்பட்டு ஓடினால் அதே இடத்தில் மறுபடி பிடிக்கும். முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்த பையனை ஆறே வாரத்தில் இறுதிப் போட்டியில் ஓட விடாதீர்கள், அதற்கு ஒன்பது மாதமாவது ஆகும். காதலுக்கு அந்தச் சக்தி இல்லை.

உடை மாற்றும் அறையில் யாரோ பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்வது அலுத்துப்போன திருப்பம். அதைவிட எனக்குக் கோபம் வருவது, அந்தக் கொடுமையையே கதை விடுதலை மாதிரிக் கொண்டாடும்போதுதான். தன்னைப் பற்றிச் சொல்வதும் சொல்லாததும் அந்தப் பையன் கையில் இருக்கட்டும். இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜேக் டேனியல்ஸ் 2022 மே மாதம் தான் தன்பாலீர்ப்பாளர் என்று தானே முன்வந்து சொன்னபோது அவருக்கு வயது 17. கிட்டத்தட்ட உங்கள் நாயகர்களின் வயது. எப்போது, யாரிடம், எந்தச் சொல்லில் என்பதை அவனே தேர்ந்தெடுப்பதில் இருக்கும் பதற்றம், பிடிபடுவதில் இல்லை.

சொல் என்றதும் இன்னொன்று. போட்டியன்று எல்லா லேனிலும் ஒரே நேரத்தில் “கை! கை!” என்று கூச்சல் கிளம்பினால், பக்கத்து லேன்காரன் குரலுக்குக் கையை நீட்டிவிடும் ஆபத்து உண்டு. அதனால் சில ஜோடிகள் தங்களுக்கென்று வேறொரு சொல் வைத்துக்கொள்வார்கள். சின்னதாக, ஓரசையாக, மூச்சு வாங்கும்போதும் கத்த வரும் சொல்லாக இருக்க வேண்டும். உங்கள் நாயகர்கள் இருவருக்கும் அது என்ன சொல் என்று முதல் அத்தியாயம் எழுதும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். வாசகரிடம் மட்டும் உடனே சொல்லிவிடாதீர்கள்.