முட்டுச்சந்துகளால் வளரும் ஊர்

பக்கத்து மனைப்பிரிவுக்காரர்கள் தங்கள் தெருவின் குறுக்கே கேட் போட்டுப் பூட்டிவைத்திருக்கும் விவகாரத்தைப் பற்றி மேற்கொண்டு எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால், "வெளியாட்கள் நம் தெருவில் புகுந்து போகிறார்கள்" என்ற வாட்ஸ்அப் செய்திக்குப் பலர் வரிசையாகக் கைதட்டியிருந்த ஸ்கிரீன்ஷாட்டை நண்பர் அனுப்பிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அந்த வெளியாள் அடுத்த மனைப்பிரிவில் குடியிருக்கும் நான்தான்.

தெரு என்பது அடுத்த தெருவுக்குப் போவதற்காகத்தான் இருக்கிறது. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வாங்கும்போதே அதன் சாலைகளைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். ஒப்படைத்த சாலைக்குப் பூட்டு எதற்கு?

நான் அண்ணா நகரில் வளர்ந்தவன். 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்குப் பிறகு வீட்டுவசதி வாரியம் அவென்யூ, மெயின் ரோடு, குறுக்குத்தெரு என்று கோடு போட்டு உருவாக்கிய பகுதி அது. ஒரு தெருவில் கல்யாணப் பந்தல் மறித்தால் சைக்கிளை அடுத்த தெருவுக்குத் திருப்புவோம், அவ்வளவுதான். இங்கே என் மொட்டைமாடியில் நின்றால் மகளின் டியூஷன் வீடு தெரிகிறது. ஆனால் அவள் பழைய மகாபலிபுரம் சாலையான ஓஎம்ஆருக்குப் போய், மெட்ரோ தடுப்புகளைச் சுற்றி, யூ-டர்ன் அடித்து அங்கே போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

ஓஎம்ஆருக்கு மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய். கடக்க உள்ள வழிகளே சொற்பம். இடையில் இருந்த வயல்களை ஒவ்வொருவரும் தனித்தனியாக மனை போட்டு, பிரதான சாலைக்கு ஒரு வாசல் வைத்து, மற்ற மூன்று பக்கமும் சுவர் எழுப்பி விற்றார்கள். 2011இல் சென்னை மாநகராட்சி 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது இந்தச் சுவர்களும் சேர்ந்தே மாநகருக்குள் வந்தன. நம் ஊரில் மட்டும் இப்படி என்றும் சொல்லிவிட முடியாது. பாரிங்டன்-லீ, மில்லர்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள் உலக நகரங்களின் தெருக்களை அளந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், 1975 முதல் புதிதாகப் போடப்படும் தெருக்கள் ஒன்றோடொன்று இணைவது குறைந்துகொண்டே வருவதாகக் கண்டார்கள். கட்டடத்தை இடித்துக் கட்டலாம். தெருவை ஒருமுறை தவறாகப் போட்டுவிட்டால் பேரன் காலத்திலும் அதுதான்.

"பைக்கில் பறக்கிறார்கள், குழந்தைகள் விளையாட முடியவில்லை" என்பீர்கள். நியாயம்தான். வேகத்தடை போடுங்கள், வண்டி நுழையாதபடி கல் நடுங்கள்; நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் மட்டும் வழி விடுங்கள். நான் கேட்பது அவ்வளவே. "கேட் இருந்தால் மனை விலை ஏறும்" என்பவருக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் தெருவைப் பற்றிப் பேசவே இல்லை.

"திருட்டுப் பயம்" என்பவரிடம்தான் பேச வேண்டும். போன வாரம் செக்யூரிட்டி அண்ணன் என்னை நிறுத்தி, "எந்த பிளாக் சார்?" என்று கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, சொன்னதைச் செய்கிறார். என் தலைமுடி நரைத்ததே இந்தப் பகுதியில்தான் என்பதை அவரிடம் எப்படி விளக்குவது என்று தெரியாமல் திரும்பி நடந்தேன். ஆனால் அதே கேட், உங்கள் வீடுகளுக்குப் பாத்திரம் துலக்க வரும் அக்காக்களுக்காகக் காலையில் சில மணி நேரம் மட்டும் திறந்திருக்கிறதாமே, அந்த நேரத்தில் திருடர்கள் யாரும் வருவதில்லையா?